மொரிசியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் இருந்தால் போதுமா?

வளவன்:
மொரிசியஸ் போய் வந்த நண்பர் அந்த ஊர் நூறு ரூபாய்த் தாள் ஒன்றைக் கொடுத்தார். ஆங்கிலம், அடுத்தது தமிழ், அப்புறம்தான் இந்தி. அதில் இருக்கும் முகமும் தமிழருடையது, அங்கே அமைச்சராக இருந்த ரங்கநாதன் சீனிவாசன். 1998இல் புதுத் தாள்களில் இந்தியை மேலே ஏற்றித் தமிழைக் கீழே இறக்கினார்கள். அங்குள்ள தமிழர்கள் கொதித்துப் போனார்கள். அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று. அந்தத் தீவில் தமிழ் உயிரோடு இருக்கிறது என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

செங்காந்தள்:
மன்னிக்கவும், இது சான்று இல்லை. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அங்கே வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சுச் சொற்களிலிருந்து அந்தத் தீவிலேயே பிறந்த மொழி. தமிழ்க் குடும்பங்களும் அப்படித்தான். ஆனால் தாளில் கிரியோல் ஒரு வரிகூட இல்லை. பள்ளிப் பாடம் ஆங்கிலத்தில், செய்தித்தாள் பிரெஞ்சில். நாடே பேசும் மொழிக்கு இடமில்லை, சிலரே பேசும் மொழிக்கு இரண்டாம் இடமா?

வளவன்:
கிரியோல் சிதைந்த பிரெஞ்சுதானே? அதற்கு அரசு ஏற்ற எழுத்து முறை வந்ததே 2011இல்தான். நம் மக்கள் 1735 வாக்கில், பிரெஞ்சுக்காரர் லபூர்தொனே அங்கே ஆளுநராக இருந்தபோதே, புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களாகப் போய்த் தலைநகர் போர்ட் லூயிஸைக் கட்டியவர்கள். அந்த மூப்புக்கு மதிப்பில்லையா?

செங்காந்தள்:
மூப்பை மறுக்கவில்லை. "சிதைந்த" என்ற சொல்லைத்தான் மறுக்கிறேன். தண்ணீருக்கு அவர்கள் சொல் "திலோ", வீட்டுக்கு "லகாஸ்". பிரெஞ்சில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் தனியாக நிற்கும் சிறு சொல் இங்கே சொல்லோடு சேர்ந்து ஒரே சொல்லாகிவிட்டது. எழுதும்போதும் சேர்த்தே எழுதுகிறார்கள். அதற்கென்று ஓர் இலக்கணம் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உருவாக்கிய மொழி அது. கொச்சைத் தமிழ் என்று யாராவது நம் பேச்சைச் சொன்னால் நமக்கு வலிக்காதா?

மலர்விழி:
கணவரின் வேலைக்காக மூன்று ஆண்டு அங்கே இருந்தவள் என்பதால் சொல்கிறேன். இருவரும் தாளையே பார்க்கிறீர்கள். சிக்கல் வகுப்பறையில் இருக்கிறது. 2012இல் தொடக்கப் பள்ளியில் கிரியோலை விருப்பப் பாடமாகக் கொண்டுவந்தார்கள். நல்லதுதான். ஆனால் இந்தி, தமிழ், தெலுங்கு இருக்கும் அதே பட்டியலில் வைத்தார்கள். பிள்ளை ஒன்றைத்தான் எடுக்கலாம். வீட்டில் பேசும் மொழியா, பாட்டன் மொழியா என்று ஆறு வயதில் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

தைப்பூசத்துக்கு அங்கே அரசு விடுமுறை. காத்ர் போர்ன் மலைக்கோவிலில் என் பக்கத்தில் நின்ற அம்மா திருப்புகழை மனமுருகப் பாடினார். கையில் இருந்த தாளில் அத்தனை வரியும் ரோமன் எழுத்தில். பாடி முடித்ததும் என்னிடம் கிரியோலில் பேசினார். வீட்டில் வாழையிலையில் ஏழு கறி பரிமாறியபோது ரசத்தை "ராசோன்" என்றார். அந்த அம்மாவிடம் போய் தமிழ் வேண்டுமா கிரியோல் வேண்டுமா என்று கேட்க எனக்கு வாய் வராது.

வளவன்:
சரி, "சிதைந்த" என்றது தவறு, அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் தாளிலிருந்து தமிழை எடுக்கச் சொன்னால் ஒப்ப மாட்டேன்.

செங்காந்தள்:
எடுக்கச் சொல்லவே இல்லையே. இன்னொரு வரிக்கு இடம் கேட்டேன்.