"நீயும் சாப்பிடுகிறாயா?": ஜெர்மனிக்குப் படிக்கப் போன முதல் நாட்கள்

நெல்லைத்தம்பி:

நான்கு வருடம் ஆகப்போகிறது. படிப்பு முடிந்து வேலையிலும் சேர்ந்துவிட்டேன். ஆனாலும் அந்தத் தக்காளி வாசனை மூக்கைவிட்டுப் போகவில்லை. எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

2022 அக்டோபர் 1, சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு கெம்னிட்ஸ் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் ஞாயிறு, கடை கிடையாது என்பது தெரியும். திங்கட்கிழமை அக்டோபர் 3, 1990இல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றான நாள், நாடு முழுக்க விடுமுறை. இதை எந்த யூடியூப் அண்ணனும் எனக்குச் சொல்லவில்லை. சென்னை விமான நிலையத்தில் பெட்டி 23 கிலோவைத் தாண்டியபோது நான் எடுத்து அப்பா கையில் கொடுத்தது அரிசிப் பையைத்தான். "போகிற இடத்தில் அரிசி கிடைக்காமலா இருக்கும்" என்று பெரிய மனிதனாகப் பேசினேன். ஆகவே கையில் மிஞ்சியவை பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய். எல்லாமே சோற்றோடு பிசைய வேண்டியவை. ஆறு அதிரசம் இருந்தது, ஞாயிறு மதியத்தோடு தீர்ந்தது.

திங்கள் காலை கடை வாசலில் போய் நின்றேன். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. திறக்கவில்லை. கதவுக்கு நான் தெரியவில்லையோ என்று இரண்டடி பின்னால் வந்து மறுபடி முன்னால் போனேன். உள்ளே வாழைப்பழம் அடுக்கடுக்காக இருக்கிறது.

அதைக்கூட மறந்துவிடுவேன். மாலையில் விடுதியின் பொதுச் சமையலறைக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். பக்கத்து அறைக்காரன், ஜெர்மன் பையன், பெரிய பாத்திரத்தில் பாஸ்தா வேகவைத்துத் தக்காளிக் குழம்பைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்து, "நீயும் சாப்பிடுகிறாயா?" என்றான். "ஐயோ, வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பாளையங்கோட்டை அத்தை வீட்டில் அப்படித்தான் சொல்வோம். அத்தை அதைக் காதில் வாங்காமல் இலையைப் போட்டுவிடுவாள். இவன் "சரி" என்றான். என் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிட்டான். மீதியை டப்பாவில் அள்ளி, மேலே ஒரு துண்டு டேப் ஒட்டி, அதில் தன் பெயரை எழுதி பிரிட்ஜில் வைத்தான். நான் அறைக்குப் போய் எள்ளுப் பொடியை உள்ளங்கையில் கொட்டி நக்கினேன்.

அவன் கெட்டவன் இல்லை. பின்னால் நல்ல சிநேகிதன் ஆனான். ஆனால் ஒரு முறைதான் கேட்டான். உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்குமே, எழுதுங்கள்.

கொங்குக்காளை:

தம்பி, பெட்ரோல் பங்க் கடை ஞாயிறும் திறந்திருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகளும் அப்படியே. டோனர் என்ற துருக்கி இறைச்சி ரொட்டி விற்கும் கடைக்காரர்களில் பலர் பண்டிகை நாளில்கூட இறைச்சியைச் சீவிக்கொண்டுதான் இருப்பார்கள். இரண்டு நாள் பட்டினி கிடந்தது விசாரிக்காத குறை. அதற்குப் போய்ப் பக்கத்து அறைக்காரன் மேல் பழி எதற்கு?

என் கதை சிறியது. ஆகன், 2018, முதல் வகுப்பு. முந்நூறு பேர் உட்காரும் அரங்கம். பேராசிரியர் உள்ளே வந்ததும் எழுந்து நின்றேன். நான் மட்டும். முந்நூறு தலைகளும் என் பக்கம் திரும்பின. அவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, "சொல்லுங்கள், என்ன கேள்வி?" என்றார். "கேள்வி இல்லை சார்" என்றேன். "நல்லது" என்றார். உட்கார்ந்தேன். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டத் தொடங்கினார்கள். கோவையில் என் கல்லூரியில் மேசையைத் தட்டினால் மறுநாள் அப்பாவை அழைத்து வரவேண்டும். பாவம் மனிதர், முதல் நாளே எதிர்ப்பா என்று பார்த்தால் அவர் சிரித்துக்கொண்டே தாள்களை அடுக்குகிறார். அங்கே வகுப்பு முடிந்தால் கைதட்டலுக்குப் பதில் அதுதான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. புதிதாகப் போகிறவர்கள் கவனியுங்கள். வகுப்பில் சேர்ந்துவிட்டால் தேர்வுக்கும் பெயர் தானாகப் போய்விடும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் நீங்களே இணையத்தில் பதிய வேண்டும், அதற்குக் கடைசித் தேதி உண்டு. தயாராகவில்லை என்றால் விலகிக்கொள்ளவும் ஒரு தேதி உண்டு. இரண்டையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். "அரியர் வைத்து எழுதிக்கொள்ளலாம்" என்ற நம் ஊர்த் தைரியம் அங்கே செல்லாது. பெரும்பாலான படிப்புகளில் ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதிலும் தவறினால் அந்தப் படிப்பே முடிந்தது. அதே படிப்பை நாட்டின் வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் பெரும்பாலும் முடியாது. மதிப்பெண் வேறு தலைகீழ். 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. எனக்கு 1.3 வந்தது என்று சொன்னதும் அம்மா அழத் தொடங்கிவிட்டார். "பரவாயில்லை கண்ணு, அடுத்த முறை நன்றாகப் படி" என்றார்.

நெல்லைத்தம்பி:

பழி போடவில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன், கடைசிப் பத்தியைப் படியுங்கள். பெட்ரோல் பங்கில் சாப்பாடு விற்பார்கள் என்று சங்கரன்கோவிலில் வளர்ந்த 22 வயதுப் பையனுக்கு எப்படி அண்ணே தெரியும்? எங்கள் ஊர் பங்கில் காற்றுதான் இலவசம், அதற்கும் ஆள் இருக்கமாட்டார்.

கரிசல்வெயில்:

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. இனிஷியலை விரித்து எழுதினால் அப்படித்தானே வரும்? இதனால் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. விடுதியின் தபால் பெட்டியில் என் பெயரை எழுதி ஒட்டினேன். வங்கி அட்டை அப்பா பெயருக்கு வந்தது. தபால்காரர் பெட்டியைப் பார்த்தார், அந்தப் பெயரில் யாரும் இல்லை, திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு முறை. அங்கே பெட்டியில் பெயர் இல்லை என்றால் அந்த ஆளே இல்லை.

அதைச் சொல்ல வரவில்லை. நவம்பரில் காய்ச்சல். மருத்துவரைப் பார்க்கப் போய்க் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தேன். ஏழெட்டுப் பேர், யாரும் யாருடனும் பேசவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மா வந்து, கையில் இருந்த தாளைப் பார்த்து, "ஹெர்" என்று தொடங்கி என் அப்பாவின் பெயரை முழுதாகச் சொல்லி, "பிட்டே" என்றார். ஹெர் என்றால் திரு. பிட்டே என்றால் தயவுசெய்து. நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். உண்மையாகவே அப்பா வந்து நிற்கிறாரோ என்று ஒரு நொடி.

அப்பா விருதுநகரில் பருப்பு மண்டியில் மூட்டை தூக்குகிறவர். மண்டியில் அவரைப் பாதிப் பெயரால் கூப்பிடுவார்கள், அவசரம் என்றால் அதுவும் இல்லை, "ஏய்" தான். முழுப் பெயரை ரேஷன் கடையில்தான் கேட்டிருக்கிறேன். அந்த அம்மா இரண்டாம் முறையும் அதே மரியாதையோடு கூப்பிட்டபிறகுதான் எழுந்தேன்.

இரவு போனில் அப்பா, "காய்ச்சல் விட்டதா?" என்றார். விட்டது என்றேன். இதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

காவிரிக்கரை:

நெல்லைத்தம்பி சொல்வதோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு முறை கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது மரியாதைதான். நான் "வேண்டாம்" என்று சொன்னதை "வேண்டாம்" என்றே எடுத்துக்கொண்ட முதல் ஊர் எனக்கு மாக்டபுர்க். கும்பகோணத்தில் நான் மூன்றாவது தோசையை வேண்டாம் என்றாலும், 23 வயதில் வரன் பார்க்க வேண்டாம் என்றாலும் ஒரே பதில்தான், "அப்படித்தான் சொல்லுவாய், சும்மா இரு." உங்களுக்குப் பாஸ்தா போனது. எனக்கு மூச்சு வந்தது.

என் அனுபவம் வேறு. வந்த முதல் வாரம், ரயில் நிலையத்தில் தண்ணீர் பாட்டிலைக் குடித்து முடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். போட்ட கை வெளியே வருவதற்குள் பக்கத்தில் ஒரு தாத்தா. இஸ்திரி போட்ட கோட்டு, தலையில் தொப்பி, கையில் சின்ன டார்ச். என்னைப் பார்த்து "மன்னிக்கவும்" என்றார். தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, கையை விட்டு என் பாட்டிலை எடுத்து, துணிப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போனார். ஓய்வூதியம் வாங்கும் வயதுக்காரர். எங்கள் பள்ளியின் தலைமையாசிரியர் மாதிரி இருந்தார். அதனால்தான் மனதை விட்டுப் போகவில்லை போல.

அந்தப் பாட்டிலைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும், வாங்கும்போதே முன்பணமாகச் சேர்த்து எடுத்திருப்பார்கள் என்று பிறகு தெரிந்தது. பீர் பாட்டில் என்றால் வழக்கமாக 8 சென்ட். அவசரத்தில் இருக்கும் ஆட்கள் பாட்டிலைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போவார்கள், எடுக்கிறவர் கையை உள்ளே விடவேண்டாம் என்று. நானும் அப்படித்தான் வைக்கிறேன். ஜெர்மனியில் ஏழை இருக்கமாட்டான் என்று நினைத்து விமானம் ஏறியவள் நான், சிரிக்காதீர்கள்.

பழையமாணவன்:

2011இல் இல்மனாவு வந்தேன். முதல் பனியில் சைக்கிளோடு விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அவ்வளவுதான் என் கதை. இப்போது வருகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன்.

முடக்கு கணக்கில், அதாவது செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட முன்கூட்டியே போட்டுவைக்கும் வங்கிக் கணக்கில், போடும் தொகை ஏறிக்கொண்டே போகிறது. நெல்லைத்தம்பி வந்த வருடம் மாதத்துக்கு 861 யூரோ கணக்கு, இப்போது 992, வருடத்துக்கு 11,904. அது உங்கள் பணம்தான், மாதாமாதம் உங்களுக்கே வரும், ஆனால் கடன் வாங்கிப் போட்டால் வட்டி ஊரில் ஓடும். "ஜெர்மனியில் கல்லூரிக் கட்டணமே இல்லை" என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து அதைவிடக் கூடுதலாகவே வாங்குகிறது. வீடு கிடைத்ததும் இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதியுங்கள், அந்தத் தாள் இல்லாமல் பல காரியங்கள் நகராது. பதிந்த கொஞ்ச நாளில் ஒலிபரப்புக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும். "என்னிடம் டிவியே இல்லை" என்று பதில் எழுதாதீர்கள், டிவி இல்லாவிட்டாலும் உண்டு. வீட்டுக்கு ஒன்றுதான், உடன் தங்கியிருப்பவர்களோடு பங்கு போடுங்கள். பகுதிநேர வேலை 2024 மார்ச்சிலிருந்து வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். அதற்கு மேல் ஆசைப்பட்டால் விசாவுக்கு ஆபத்து. பனிக்காலத்தில் சைக்கிள் வேண்டாம்.

கொங்குக்காளை:

இதையெல்லாம் யார் கேட்டது ஐயா? அனுபவம் எழுதச் சொன்னார்கள்.

பழையமாணவன்:

தேர்வுக்குப் பதிவது எப்படி என்று நீங்கள் எழுதியதை யார் கேட்டார்களோ, அவர்களேதான்.

உறையூரான்:

டோர்ட்முண்ட். வந்து இரண்டு மாதம் கழித்து ஒரு தமிழ்க் கடையைக் கண்டுபிடித்தேன். முருங்கைக்காய், பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் உண்டு. கடைக்காரர் ஈழத் தமிழர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் பேசியதும், "தம்பி இந்தியாவோ?" என்று கேட்டு, எடை போட்ட பிறகு கறிவேப்பிலையில் இன்னொரு கைப்பிடி அள்ளிப் போட்டார். அந்தக் கைப்பிடியில் எனக்கு வாய் திறந்துவிட்டது. சென்னையில் இருக்கும் சித்தப்பாவிடம் கேட்கிற மாதிரி, "கடைசியாக ஊருக்கு எப்போது போனீர்கள் ஐயா?" என்று கேட்டேன்.

தராசில் இருந்த முருங்கைக்காயை எடுக்காமல், "எந்த ஊருக்கு?" என்றார்.

நான் விழித்தேன். பின்னால் வரிசையில் ஒரு ஜெர்மன் அம்மா மாம்பழத்தோடு நிற்கிறார். கடைக்காரர் சத்தமில்லாமல் சொன்னார். யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கு. 1990இல் ஊரோடு இடம்பெயர்ந்தார்கள், ராணுவம் உள்ளே வந்தது, உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. பல வருடம் கழித்துச் சில இடங்களைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் தம்பி போய்ப் பார்த்தாராம். "வீடு இல்லை. கிணறு இருக்கிறதாம்" என்றார். பிறகு, "ஆறு யூரோ நாற்பது" என்றார்.

தேர்வுக்கு மட்டும் ஈழத்தைப் பற்றி நான்கு பக்கம் படித்தவன் நான். அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவர் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த கோடையில் தன் வேனிலேயே ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு அழைத்துப் போனார். 2002இல் குடமுழுக்கு ஆன பெரிய கோயில், தொழிற்பேட்டைக்கு நடுவே கோபுரம், தார்ச் சாலையில் காவடி. நெல்லைத்தம்பிக்கு ஒரு தகவல்: அங்கே அன்னதானத்தில் "சாப்பிடுகிறாயா" என்று ஒரு முறைகூடக் கேட்கமாட்டார்கள். தட்டில் கொட்டிவிடுவார்கள்.

புதுப்பயணி:

எல்லாம் படித்தேன். எனக்கும் கெம்னிட்ஸில்தான் இடம் கிடைத்திருக்கிறது. டிக்கெட் போட்டாகிவிட்டது, 2026 அக்டோபர் 2, வெள்ளி இரவு போய்ச் சேருகிறேன். இப்போதுதான் நாட்காட்டியைப் பார்த்தேன். 3 சனிக்கிழமை, 4 ஞாயிறு. அரிசி எத்தனை கிலோ வைக்கட்டும்?

நெல்லைத்தம்பி:

இரண்டு கிலோ. எடை ஏறினால் ஊறுகாயை எடுத்து அப்பாவிடம் கொடுங்கள், அரிசியைத் தொடாதீர்கள். நான் இன்னும் கெம்னிட்ஸில்தான் இருக்கிறேன். இரவு எத்தனை மணி ரயில் என்று எழுதுங்கள், நிலையத்துக்கு வருகிறேன். சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டேன்.