எஸ்டீமில் ஸ்பீடுயினோ: ஆட்டோட்யூன் ஓட ஓட பிளக் கருக்கிறது, மிதித்தால் திணறல். உதவி தேவை

எஸ்டீம்_கோவை:
வணக்கம். பழைய மாருதி எஸ்டீம் ஒன்றை டிராக்குக்காக மட்டும் வைத்திருக்கிறேன். டிரெய்லரில் ஏற்றி செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேக்குக் கொண்டுபோய் ஓட்டுவதோடு சரி. கம்பெனி ஈசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கழற்றிவிட்டு, ஆர்டுயினோ மெகா 2560 போர்டில் ஓடும் ஸ்பீடுயினோ என்ற ஓபன் சோர்ஸ் ஈசியூ போட்டாயிற்று. யாரிடமாவது காசு கொடுத்து மேப் வாங்கிப் போட மனமில்லை, ட்யூனிங்கை நானே கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் இதில் இறங்கினேன். கிராங்க் புல்லியில் 36-1 பல் சக்கரம் (36 பல்லில் ஒன்று இல்லாதது), புகையை அளக்க போஷ் எல்எஸ்யு 4.9 வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரோடு ஒரு மீட்டர், லேப்டாப்பில் காசு கட்டிய டியூனர்ஸ்டூடியோ ட்யூனிங் மென்பொருள்.

ஐட்லிங் நன்றாக நிற்கிறது. ஆனால் ஆட்டோட்யூனை (சென்சாரைப் பார்த்து மென்பொருளே பெட்ரோல் அளவைத் திருத்துவது) ஓடவிட்டால் விஇ டேபிளில் (பெட்ரோல் அளவை முடிவுசெய்யும் அட்டவணை) எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி, சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் வாடை. குறைந்த ஆர்பிஎம்மில் சட்டென்று மிதித்தால் ஒரு நொடி செத்துப்போய் அப்புறம்தான் இழுக்கிறது. பங்கில் இப்போது வருவது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) என்பதால் அதற்குரிய காற்று-எரிபொருள் விகிதம் (ஏஎஃப்ஆர்) வெறும் பெட்ரோலின் 14.7 அல்ல, 13.5 பக்கம் என்று கணக்குப் போட்டு, டார்கெட் டேபிளில் 14.7 இருந்த இடத்திலெல்லாம் 13.5 கொடுத்திருக்கிறேன், ஃபுல் லோடிலும் அதே கணக்கில் குறைத்தேன். இன்னொன்று, மீட்டரில் 13.5 காட்டும்போது லேப்டாப்பில் 13.9 காட்டுகிறது. இதெல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையதா?

பழைய_ஸ்பேனர்:
தம்பி, டேபிளைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி. டைமிங் லைட் (ஸ்பார்க் எந்த டிகிரியில் விழுகிறது என்று காட்டும் விளக்கு) வைத்துப் பார்த்தீர்களா? மீட்டரின் எர்த் எங்கே கொடுத்திருக்கிறீர்கள்?

எஸ்டீம்_கோவை:
டைமிங் லைட் வைத்துப் பார்க்கவில்லை அண்ணா, வண்டி ஸ்டார்ட் ஆனதால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மீட்டர் எர்த் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு போல்ட்டில்.

லாம்டா_ஒன்று:
தொடர்பு இருக்கிறது, முதல் காரணம் அந்த 13.5-தான். வைட்பேண்ட் சென்சாருக்கு டேங்கில் என்ன பெட்ரோல் இருக்கிறது என்று தெரியாது. புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறதா, பெட்ரோல் மிஞ்சியிருக்கிறதா என்பதைத்தான் அது பார்க்கிறது, அதாவது லாம்டா: 1.0 என்றால் கச்சிதம், கீழே போனால் பெட்ரோல் அதிகம் (ரிச்), மேலே போனால் குறைவு (லீன்). மீட்டர் அந்த லாம்டாவை 14.7-ஆல் பெருக்கி உங்களுக்கு ஏஎஃப்ஆர் என்று காட்டுகிறது. ஆக இ20 ஊற்றினாலும் வெறும் பெட்ரோல் ஊற்றினாலும் காற்றும் எரிபொருளும் கச்சிதமாக எரிந்தால் மீட்டர் 14.7 என்றுதான் சொல்லும். நீங்கள் 13.5 கேட்டால் 0.92 லாம்டா கேட்கிறீர்கள், கிட்டத்தட்ட 8 சதவீதம் ரிச். சீரான வேகத்தில் போகும்போதும் அப்படியே ஓடினால் பிளக் கருக்காமல் என்ன செய்யும்? எத்தனால் கலந்தால் பெட்ரோல் கூடுதலாக வேண்டும் என்பது உண்மை, அதை விஇ டேபிள் தானே ஏறி ஈடுகட்டிக்கொள்ளும், டார்கெட்டை மாற்றத் தேவையில்லை. ஸ்க்ரீனை லாம்டாவுக்கு மாற்றிவிட்டு, லேசான லோடில் 1.0, ஃபுல் லோடில் 0.86 - 0.88 என்று வையுங்கள். செட்டிங்கில் ஸ்டாய்க் எண்ணை (கச்சிதமாக எரியும் விகிதம்) மட்டும் 13.5 ஆக்கி, மீட்டர் அளவை 14.7-லேயே விட்டுவிடாதீர்கள், லாம்டாவே பொய்யாகிவிடும்.

அடுத்தது எர்த். சென்சாரின் ஹீட்டர் நல்ல கரண்ட் இழுக்கும், அது டேஷ்போர்டு தகடு வழியாகத் திரும்பும்போது அந்த இடத்தின் வோல்டேஜ் கொஞ்சம் ஏறிவிடும், ஈசியூ அந்த ஏற்றத்தையும் சிக்னலோடு சேர்த்தே படிக்கும். 0 - 5 வோல்ட்டுக்கு 10 - 20 ஏஎஃப்ஆர் காட்டும் மீட்டர் என்றால் 0.2 வோல்ட் பிசகுக்கு 0.4 கூடுதலாகத் தெரியும், உங்கள் 13.9 அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆட்டோட்யூன் அதை லீன் என்று நம்பி இன்னும் பெட்ரோல் சேர்க்கிறது. கல் வைத்த தராசில் நிறுத்த மாதிரி. சிக்னல் எர்த்தை ஈசியூவின் சென்சார் எர்த்திலும், ஹீட்டர் எர்த்தை இன்ஜினிலும் தனித்தனியாகக் கொடுங்கள். மேனிஃபோல்ட் கேஸ்கெட்டிலும் ஒரு கண் வையுங்கள், சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய் லீன் மாதிரியே காட்டும். மிஸ்ஃபயர் ஆனாலும் எரியாத ஆக்சிஜன் போய் லீன் என்றுதான் காட்டும், அது தெரியாமல் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் நிறைய.

பழைய_ஸ்பேனர்:
இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் டைமிங். மென்பொருளில் 10 டிகிரி ஃபிக்ஸ்டு என்று பூட்டிவிட்டுப் புல்லியில் லைட்டை அடியுங்கள். குறி 10-ல் நிற்காவிட்டால் ட்ரிகர் ஆங்கிளை (பல் சக்கரத்துக்கும் பிஸ்டன் நிலைக்கும் உள்ள கோணம்) மாற்றி நிற்க வையுங்கள். 3000 ஆர்பிஎம்முக்கு ஏற்றியும் பாருங்கள், குறி நகரக்கூடாது. பார்த்து முடித்ததும் ஃபிக்ஸ்டை எடுத்துவிட மறக்க வேண்டாம். ஸ்பார்க் தாமதமாக இருந்தால் மேனிஃபோல்டில் வேக்குவம் குறையும், இன்ஜின் வேறு கட்டத்தில் போய் நிற்கும், நீங்கள் போடும் விஇ எண்கள் எல்லாம் அந்தத் தப்பான டைமிங்குக்கு மட்டுமே பொருந்தும்.

திணறலை விஇ டேபிளில் சரிசெய்யாதீர்கள். அது ஆக்சிலரேஷன் என்ரிச்மென்ட் (மிதித்ததும் கூடுதல் பெட்ரோல் தருவது) வேலை, டேபிள் நிலைத்த பிறகு அதற்கு வரலாம். லாகில் (மென்பொருள் பதிவில்) மிதித்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: லாம்டா சட்டென்று மேலே தாவி இறங்கினால் பற்றவில்லை, கீழே விழுந்தால் அதிகம்.

எஸ்டீம்_கோவை:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. டைமிங் 6 டிகிரி பின்தங்கி இருந்தது, சரி செய்தாயிற்று. எர்த் மாற்றியதும் மீட்டரும் லேப்டாப்பும் ஒன்றுபோல் காட்டுகின்றன. டார்கெட்டை லாம்டாவில் போட்டு ஆட்டோட்யூனை மறுபடி ஓடவிட்டேன், எண்கள் இறங்கி ஒரு இடத்தில் நின்றுவிட்டன. பிளக் இப்போது வெளிர் பழுப்பு. மிதித்தால் லாம்டா 1.3 வரை தாவுகிறது, என்ரிச்மென்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டிருக்கிறேன், பாதித் திணறல் போய்விட்டது. இ20 நாக்கிங்கை (கலவை தானாகவே வெடிப்பது) தாங்கும் என்கிறார்களே, ஃபுல் லோடில் ஸ்பார்க்கை 3 டிகிரி முன்னுக்கு வைக்கலாமா?

லாம்டா_ஒன்று:
எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் வண்டியில் நாக் சென்சார் இணைக்கவில்லை, ஆட்டோட்யூன் தொடுவது பெட்ரோலை மட்டுமே, ஸ்பார்க்கை அல்ல. ஃபுல் லோடில் ஹெல்மெட்டுக்குள் நாக் சத்தம் கேட்கவும் கேட்காது, கேட்கும் நேரத்தில் பிஸ்டன் அடிவாங்கியிருக்கும். டைனோவில் (இன்ஜின் இழுவையை அளக்கும் மேடை) ஏற்றி ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டுங்கள், டார்க் (முறுக்குவிசை) ஏறுவது நின்றதும் 2 டிகிரி பின்னுக்கு வந்து விட்டுவிடுங்கள். அதுவரை இப்போதிருக்கும் எண்ணிலேயே ஓட்டுங்கள்.

பழைய_ஸ்பேனர்:
இப்போதைய ட்யூன் ஃபைலைத் தேதி போட்டுத் தனியாகச் சேமித்து வையுங்கள் தம்பி. டைனோ லாக் கிடைத்ததும் இங்கேயே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.