ஸ்கூட்டர் முன்பக்கம் ஆடுகிறது: டயரா, கோன்செட்டா (ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதி பேரிங்)?
நண்பர்களே, ஓடும் ஸ்கூட்டரில் ஆக்சிலரேட்டரை விட்டதும், வேகம் 40-க்குக் கீழே இறங்கும்போது ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் படபடவென்று ஆடுகிறது, இறுக்கிப் பிடித்தால் அடங்கிவிடும். பிரேக் பிடிக்கும்போது தனியாக அதிர்வு இல்லை. காற்றும் சரி. சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் ரிம் நேராக ஓடுகிறது, ஆனால் டயர் ஓரிடத்தில் லேசாக மேலெழும்புகிறது, டயரின் ரப்பர் பட்டன்களும் மேடுபள்ளமாகத் தேய்ந்திருக்கின்றன. பக்கவாட்டில் 2318 என்று இருக்கிறது, அதாவது 2018-ல் 23வது வாரம் தயாரானது, பழசுதான். அப்புறம் ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் கால்கள்) அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் மெல்லிய 'டக்' சத்தம். மெக்கானிக் கோன்செட்டை மாற்றச் சொல்கிறார், எனக்கென்னவோ டயர்மேல்தான் சந்தேகம். அந்த 'டக்' கோன்செட்டா, ஃபோர்க் புஷ்ஷா (ஃபோர்க்குக்குள் இருக்கும் வளையம்) என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? முதலில் எதை மாற்றலாம்?