ஊர்ப் பேப்பரில ஊர்ச் செய்தி எங்க?

கொக்குவில் பிள்ளை:
கம்பஸில வரலாறு படிக்கிறன். 18ஆம் நூற்றாண்டில இங்கிலாந்தின்ர வெளியூர்களில வந்த கிழமைப் பேப்பர்களைப் பற்றிக் கட்டுரை எழுத வேணும். நோர்தாம்ப்டன் மேர்க்குரி (1720), குளொஸ்டர் ஜேர்னல் (1722) ரெண்டிலயும் தொடக்க கால இதழ்களைப் பார்த்தன். லண்டன், பாரிஸ், கப்பல், சண்டை. ஊர்க்கதை நாலு வரிதான். பிறகேன் ஊரின்ர பேர்?

பழைய அச்சுக்கோப்பாளர்:
பிள்ளை, 19 வருசம் ஈய எழுத்துக் கோர்த்தவன் நான். ஊர்க்கதை சந்தைக்குப் போனாலே காதில விழும். அதுக்கு ஆர் காசு குடுப்பினம்? தூரத்துச் செய்திக்குத்தான் குடுத்தவை. செவ்வாய், வியாழன், சனி இரவுகளில லண்டனில இருந்து தபால் வெளிக்கிடும். அது வந்து சேருற நாளைப் பார்த்துத்தான் அச்சேத்தினவை. லண்டன் பேப்பரைப் பிரிச்சு, வேண்டியதை எடுத்து, அப்பிடியே கோர்க்கிறது. அச்சுக்கூட முதலாளிதான் ஆசிரியரும். அவரே கடையில புத்தகமும் மருந்துப் போத்திலும் வித்தார்.

ஊரைத் தேடுறதெண்டால் விளம்பரத்தை வாசியுங்கோ. காணி விற்பனை, களவுபோன குதிரை, தொழில் பழகேக்க ஓடிப்போன பெடியன், எல்லாம் அங்கதான் கிடக்கு.

வரியையும் விட்டிடாதேங்கோ. 1712இல முத்திரை வரி வந்தது: ஒவ்வொரு பிரதிக்கும் அரைத் தாளெண்டால் அரைப் பென்னி, முழுத் தாளெண்டால் ஒரு பென்னி. அதுக்கு மேல போனால் சட்டப்படி அது சிறுநூல். எத்தினை பிரதி அடிச்சாலும் தாளுக்கு 2 சிலிங் மட்டும். உடன பேப்பரை ஒன்றரைத் தாளாக்கிச்சினம். இடம் நிரப்பக் கவிதை, கடிதம், கட்டுரை எல்லாம் வந்தது. 1725இல அந்த ஓட்டையை அடைச்சாப்பிறகு அரைத் தாளை மடிச்சு நாலு பக்கம், பொடி எழுத்து. 1990களில யாழ்ப்பாணத்துப் பொருளாதாரத் தடைக்குள்ள கோடு போட்ட கொப்பித்தாளில பேப்பர் அடிச்ச கை இது. தாள் இல்லாட்டி எந்தச் செய்தியை வெட்டுறதெண்டு நிண்ட இரவுகளை நான் மறக்கேல்லை. அந்த அச்சுக்காரரை எனக்கு நல்லாத் தெரியும் போல கிடக்கு.

கொக்குவில் பிள்ளை:
நன்றி ஐயா. விளம்பரத்துக்கும் வரி இருந்ததோ?

பழைய அச்சுக்கோப்பாளர்:
ஓம் பிள்ளை. ஒவ்வொண்டுக்கும் 1 சிலிங், 1757இல இருந்து 2.

மானிப்பாய் வாசகர்:
ஒண்டு சேர்க்கிறன். பேப்பரைக் கிராமங்களுக்குக் கொண்டுபோக ஆக்களை வைச்சிருந்தவை. கனபேர் நடந்துதான் போனவை. திரும்பி வரேக்க அடுத்த கிழமைக்கான விளம்பரமும் காசும் அவையின்ர கையில வரும். பிள்ளை, கட்டுரையில அவையளுக்கும் ஒரு பந்தி வையுங்கோ.