புதுப்பிப்பு: அம்மா ஆஸ்பத்திரியில், மணியை என்ன செய்வது? (குன்னூர்)

அம்மாவுக்குக் கோவையில் இடுப்பு ஆபரேஷன், ஆறு வாரம் வீட்டில் ஆளில்லை, எங்கள் நாய் மணியை யாருக்காவது கொடுத்துவிடுவதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, ‘விலங்கு நல அமைப்பிடம் தற்காலிகப் பராமரிப்பு கேளுங்கள்’ என்ற யோசனைதான். கோத்தகிரியில் ஒரு தன்னார்வலர் வீட்டில் சேர்த்தார்கள். சாப்பாட்டுச் செலவு மட்டும் நம்முடையது. ரேபிஸ் தடுப்பூசி அட்டை கேட்டார்கள். நம்முடையது காலாவதி, அப்புறம் ஓடிப்போய்ப் போட்டேன். (பஸ் ஸ்டாண்டில் விட்டுவிடச் சொன்னவருக்கு: சிறுத்தை திரியும் ஊர் இது. தவிக்கவிட்டுப் போவது 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.)

எதிர்பாராதது: இரண்டு நாள் மணி சோற்றைத் தொடவில்லை. அம்மாவின் பழைய சால்வையை அனுப்பினேன். அதன்மேல் படுத்த பிறகுதான் சாப்பிட்டான். முதல் நாளே அனுப்பியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீடு வந்துவிட்டான். அம்மாவின் வாக்கரைப் பார்த்துத்தான் இன்னும் குரைக்கிறான்.