ஆமைக் குழியும் நாய்களும்: ‘தேவனாம்பட்டினம் சொந்தங்கள்’ குழு

செல்வி அத்தை: சவுக்குத் தோப்பு ஓரம் நாய்கள் ஆமைக் குழியைத் தோண்டிவிட்டன. விடியற்காலை மீன் எடுக்கப் போனபோது பார்த்தேன். தோல் தோலாக ஓடு சுருண்டு கிடக்கிறது, மணலெல்லாம் மஞ்சள் கரு. காகம் வேறு.

செல்வி அத்தை: (புகைப்படம்)

ரமணி பெரியம்மா: ஐயோ பாவமே. எல்லாம் போயிற்றா?

செல்வி அத்தை: அடியில் இன்னும் இருக்கிறது அண்ணி. கை வைக்கப் பயமாக இருந்தது.

தமிழரசி: கை வைக்க வேண்டாம் அத்தை. ஈர மணலால் மூடிவிட்டு அங்கேயே நில்லுங்கள். வனத்துறைக்குச் சொல்லிவிட்டேன். ஆமை ஏறி இறங்கிய தடம் புதிதா?

செல்வி அத்தை: புதிதுதான். அலை இன்னும் அழிக்கவில்லை.

முருகையன் மாமா: கோழிக்குடலில் குருணை மருந்தைக் கலந்து வைத்தால் ஒரே ராத்திரியில் நாய்த் தொல்லை தீர்ந்துவிடும்.

வேலு சித்தப்பா: மச்சான் சொல்வது சரி. என் ஆட்டுக்குட்டியையும் இந்த நாய்கள்தான் கடித்தன.

குமார்: மாமாவும் சித்தப்பாவும் ஒரே கட்சியா! அப்படியானால் படகு இன்ஜின் பங்குத் தகராறு தீர்ந்துவிட்டதா?

முருகையன் மாமா: அது வேறு, இது வேறு.

வேலு சித்தப்பா: மாசி மகம் முடியட்டும் என்று சொல்லியாகிவிட்டது.

தமிழரசி: மாமா, தயவுசெய்து மருந்து வேண்டாம். செத்த நாயைக் காகம் தின்னும், செம்பருந்து தின்னும், அவையும் சாகும். நீங்கள் கருடன் என்று கும்பிடுகிற பறவைதான் அது. நாய்க்கு விஷம் வைப்பது குற்றமும்கூட. அதோடு, கரையில் மீன் கழிவு கிடக்கும்வரை இந்த நாய்கள் போனால் அடுத்த தெரு நாய்கள் வந்து நிற்கும். 2023ஆம் ஆண்டு விதிப்படி நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும்.

வேலு சித்தப்பா: இங்கேயே விட்டால் முட்டையைத் தின்னாதா?

தமிழரசி: தின்னும் சித்தப்பா. கருத்தடையால் நாய்கள் பெருகுவதுதான் நிற்கும், அதற்கும் சில வருடம் ஆகும். இந்த வருட முட்டையை நாம்தான் காக்க வேண்டும். ஒரு பங்குனி ஆமை ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டை இடும். குஞ்சு பொரிய 45 முதல் 60 நாள். அத்தனை நாளும் நாய், நரி, நண்டு எல்லாம் மோப்பம் பிடிக்கும். தப்பி வெளியே வரும் குஞ்சும் கரை விளக்கைப் பார்த்துக் கடலை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் நடக்கும்.

ரமணி பெரியம்மா: நாங்கள் சின்னப் பிள்ளையில் அந்த முட்டையைத் தின்றிருக்கிறோம். அப்போது கரை நிறைய ஆமை வந்ததே.

தமிழரசி: அப்போது கரையில் இவ்வளவு விளக்கும் நாயும் இல்லை பெரியம்மா. இன்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆமை இருக்கிறது. முட்டையை எடுத்தால் சிறை.

வேலு சித்தப்பா: என்னிடம் பழைய வலை கிடக்கிறது. குழி மேல் விரித்துவிடட்டுமா?

தமிழரசி: வலை வேண்டாம், குஞ்சு சிக்கிச் செத்துவிடும். கம்பி வலைதான் வேண்டும். குஞ்சு நுழைந்து வரும் அளவுக்குக் கண், ஆனால் நாய் கால் விட முடியாத கண். நான்கு பக்கமும் முளையடித்து மண்ணுக்குள் இறக்க வேண்டும். இது நேற்றிரவு இட்டதாக இருந்தால் வேலிக்குள் இருக்கும் பொரிப்பகத்துக்கே மாற்றிவிடுவார்கள். சில மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும், புரட்டினால் செத்துவிடும். அங்கேயும் ஒன்றரை அடி ஆழத்தில், அடி அகன்று கழுத்து குறுகிய குடம் மாதிரி குழி வெட்ட வேண்டும்.

குமார்: அம்மா, மகத்துக்கு அன்னதானம் புளிசாதமா, சாம்பார் சாதமா? பணம் அனுப்ப வேண்டும்.

ரமணி பெரியம்மா: புளிசாதம். போன வருடம் சாம்பார் சாதம் கெட்டுப்போய்ப் பேச்சு வாங்கினோம்.

செல்வி அத்தை: கெட்டது சமைத்ததால் இல்லை அண்ணி, மூடி வைத்ததால்.

தமிழரசி: எந்தச் சாதமானாலும் எச்சில் இலையைக் கரையில் கொட்டக் கூடாது. குழி வெட்டிப் புதைக்க வேண்டும். ஊரெல்லாம் கூடும் நாளில் நாய்களுக்கு அதுதான் விருந்து. ராத்திரி கரைப்பக்க விளக்குகளையும் அணைக்க வேண்டும்.

முருகையன் மாமா: விளக்கைப் பஞ்சாயத்தார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வேலு சித்தப்பா: கேட்டுப் பார்க்கலாம் மச்சான். நீங்கள் பேசினால் கேட்பார்கள்.

முருகையன் மாமா: மருந்து இப்போதைக்கு வேண்டாம். ஆனால் இன்னொரு குழி போனால் என்னைக் கேட்காதீர்கள்.

தமிழரசி: கம்பி வலைக்கு யார் பணம் போடுகிறீர்கள்?

குமார்: பாதி என் கணக்கு.

வேலு சித்தப்பா: மீதியை இன்ஜின் கணக்கில் கழித்துக்கொள்ளலாமா?

முருகையன் மாமா: அதை நேரில் பேசு.

செல்வி அத்தை: வனத்துறைத் தம்பி வந்துவிட்டார். அடியில் அறுபதுக்கு மேல் நல்ல முட்டை இருக்கிறதாம். தமிழு, வாளியில் ஈர மணல் போட்டு எடுத்துவா, சீக்கிரம்.