பத்தமடைப் பாய் வியாபாரத்துக்கு மார்க்கெட்டிங்: எதிலிருந்து படிக்கத் தொடங்கணும்?

சேரன்மகாதேவி_பாய்:
கல்யாணச் சீருக்குப் பொண்ணு மாப்பிள்ளை பேர் போட்டு நெய்யுற பட்டுப்பாய்தான் முக்கிய சரக்கு. இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியா விக்கணும். யூடியூப்ல ஆளுக்கொண்ணு சொல்லுதாங்க. அடிப்படையிலிருந்து முறையாப் படிக்க என்ன புத்தகம், எந்த வரிசையில? இங்கிலீஷ் வாசிப்பேன். விளம்பரத்துக்கு மாசம் 6,000 ரூபா ஒதுக்கலாம்.

பாளை_வாசகன்:
முதல்ல கிளாட் ஹாப்கின்ஸ்ங்கிற அமெரிக்க விளம்பரக்காரர் எழுதுன ‘சயின்டிஃபிக் அட்வர்டைசிங்’. 1923-ல வந்தது, சின்னப் புத்தகம், இணையத்துல இலவசமாவே கிடைக்கும். நூறு வருசப் பழசுன்னு ஒதுக்கிராதீங்க. எந்த விளம்பரத்தால ஆள் வந்தாங்கன்னு கூப்பன் வச்சு எண்ணுனவரு. அதையே நீங்க வாட்ஸ்அப்ல செய்யலாம். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனி இணைப்பு போட்டு, அதைத் தொட்டதும் தானா நிரம்புற வரியை மாத்தி வைங்க: ஒண்ணுல “சீர்ப்பாய் விலை என்ன?”, இன்னொண்ணுல “பேர் போட்ட பாய் வேணும்”. எந்த வரி எத்தனை வந்துச்சு, அதுல எத்தனை பேர் முன்பணம் கட்டுனாங்கன்னு நோட்டுல எழுதுங்க. விசாரிப்பை மட்டும் எண்ணி ஏமாறக்கூடாது.

அடுத்து பைரன் ஷார்ப், ‘ஹவ் பிராண்ட்ஸ் க்ரோ’, 2010. வாங்குனவங்களையே திரும்ப வாங்க வைக்கிறதைவிட, புது ஆள்கள், எப்பவாவது வாங்குறவங்க கூடுறதாலதான் வியாபாரம் பெருசா வளருதுன்னு கணக்கோட காட்டுது. பாய்க்கு இது அப்படியே பொருந்தும். ஒரு வீட்டுல சீர்ப்பாய் எத்தனை தடவை வாங்குவாங்க? கல்யாணப் பேச்சு எடுத்ததும் உங்க பேரு ஞாபகம் வரணும், அதுதான் வேலை.

அம்பை_விளம்பரம்:
புத்தகத்தோட மெட்டா (இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் நடத்துற கம்பெனி) புளூபிரிண்ட், கூகுள் ஸ்கில்ஷாப்னு ரெண்டு ஆன்லைன் பாடத்தையும் பாருங்க, இலவசம். ஆனா அது அவங்க தளத்துல செலவழிக்கக் கத்துக்கொடுக்கிற பாடம். எந்தப் பட்டன் எதுக்குன்னு படிக்க மட்டும் வச்சுக்கோங்க, எவ்வளவு செலவழிக்கணுங்கிற முடிவை அங்க எடுக்காதீங்க.

பலர் சறுக்குற இடம் ஒண்ணு. மெட்டா விளம்பரம் நிலைப்பட, ஒரு விளம்பரத் தொகுப்புக்கு (ஆட் செட்) வாரம் சுமார் 50 பலன், அதாவது விசாரிப்போ விற்பனையோ நீங்க குறிக்கோளா வச்சது, வேணும். ஒரு விசாரிப்புக்கு 30 ரூபா ஆகுதுன்னு வச்சா, 50-க்கு 1,500. மாசம் 6,000-த்துல ஒரே ஒரு தொகுப்புதான் தாங்கும். அதை நாலாப் பிரிச்சா எதுவும் தேறாது. ‘விற்பனை’யைக் குறிக்கோளா வச்சா வாரம் 50 எட்டவே எட்டாது, ‘மெசேஜ்’ வைங்க. தினமும் படத்தையும் பட்ஜெட்டையும் மாத்துனா கற்கும் கட்டம் (யாருக்குக் காட்டுனா பலன் வரும்னு மெட்டா பழகுற காலம்) திரும்ப முதல்ல இருந்து தொடங்கும். ஒரு வாரம் கையைக் கட்டிக்கிட்டு இருங்க.

மெட்டாவோட விளம்பர நூலகத்துல மத்தவங்க இப்ப ஓட்டுற விளம்பரத்தை யாரும் பாக்கலாம். ரொம்ப நாளா ஓடுறது எதுன்னு தேதியைப் பாருங்க, அது பெரும்பாலும் பலன் தர்றதாத்தான் இருக்கும்.

தென்காசி_கணக்கு:
பாளை அண்ணாச்சி சொன்னதுல ஒரு சின்னத் திருத்தம். ஷார்ப் காட்டுற கணக்கு பெரும்பாலும் சோப்பு, சாப்பாட்டுச் சாமான் மாதிரி பெரிய பிராண்டுகளோடது. ‘எல்லாருக்கும் விளம்பரம் போடு’ன்னு அர்த்தம் பண்ணி 6,000-த்தைத் தமிழ்நாடு முழுக்கத் தெளிச்சா ஒரு இடத்துலயும் நனையாது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடியோட நிறுத்துங்க. அதே மாதிரி, லெஸ் பினே, பீட்டர் ஃபீல்ட்னு ரெண்டு விளம்பர ஆய்வாளர்கள் 2013-ல சொன்ன 60:40-ம் (பேர் வளர்க்க 60, உடனடி விற்பனைக்கு 40) பெரிய விளம்பரங்களோட சராசரிதான். புதுக் கடைக்கு அது சட்டம் இல்ல.

சேரன்மகாதேவி_பாய்:
பழைய வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் அனுப்புதோம், பாதிப் பேருக்குப் போகவே மாட்டேங்குது. ஏன்?

அம்பை_விளம்பரம்:
உங்க நம்பரை அவங்க போன்ல சேவ் பண்ணியிருந்தாத்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். நெய்யுறதுக்கு முன்னால பேர் எழுத்துச் சரிபார்க்க போட்டோ அனுப்புவீங்கல்லா, அப்பவே “பாய் ரெடியானதும் சொல்ல, இந்த நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க”ன்னு ஒரு வரி சேர்த்துருங்க.